பூச்சிக் குடிகளின் மணமொழி

சமையலறைச் சுவரில் ஊரும் எறும்பு நிரையைக் காணாத நேயர் எவரும் இரார். சீனிப்பேணியை நோக்கிச் செல்லும் அந்நிரையின் குறுக்கே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டாற் போதும். வருகின்ற எறும்பும் போகின்ற எறும்பும் துடைத்த இடத்தின் இரு கரையிலும் திகைத்து நின்றுவிடும். நடுவிலுள்ள வெளி நான்கு விரற்கடை அகலமே. ஆயினும் அதனைக் கடக்க அவற்றுக்குத் துணிவு வருவதில்லை. உணர்கொம்புகளை ஆட்டி அங்குமிங்கும் தேடி, ஓரெறும்பு தற்செயலாக மறுகரையை அடைந்த பின்னரே நிரை மீண்டும் கூடுகின்றது.

18ஆம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் வாழ்ந்த சார்ள்ஸ் பொனே என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர், எறும்புப் பாதையின் குறுக்கே தம் விரலைத் தேய்த்து இதே காட்சியைக் கண்டார். முன் செல்லும் எறும்பு நிலத்தில் எதையோ விட்டுச் செல்கின்றது, பின்வருவது அதை மோந்தே வழியறிகின்றது என அவர் உணர்ந்தார். தமிழ் மரபோ இப்புலனுக்கு மிகப் பழங்காலத்திலேயே இடங்கொடுத்திருந்தது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வழியாக வகுக்கும்போது, கறையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்களாக வைத்தார். தொடுதல், சுவைத்தல் ஆகிய இரண்டின் மேல் அங்கே மூன்றாவதாக வருவது மூக்கறிவு. எறும்பினங்களிற் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணும் உண்டு என்பது இன்று தெரிந்ததே. எனினும் அவற்றின் குடிவாழ்வை ஆளும் புலன் மூக்கே. அதுவும் முகத்தில் அன்று, உணர்கொம்பில் அமைந்த மூக்கு.

அந்த மூக்கறிவு எவ்வாறு ஒரு மொழியாக வளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். மொழி என்றால் சொல்வோரும் வேண்டும், கேட்போரும் வேண்டும். கேட்கும் செவி இல்லாதபோது முதற் சொல்லைச் சொல்லிப் பயன் யாது? சொல்வார் இல்லாதபோது செவிதான் எதற்கு? கூர்ப்பை ஆராய்வோர் அவிழ்க்க வேண்டியிருந்த முடிச்சு இதுவே.

முதலில் அம்மொழியின் சொற்கள் எவை என்பதைப் பார்த்தல் வேண்டும். பொனேயின் ஊரினரான பிரான்சுவா ஹூபர் கண்பார்வை இழந்தவர்; பிறர் கண்களைக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்த பெரியார். தேனீயின் கொடுக்கு ஒன்றைக் கூட்டின் வாயிலருகே நீட்டினால், அதன் மணத்தாலேயே தேனீக்கள் சினங்கொண்டு பாய்கின்றன என்பதை 1814ஆம் ஆண்டிலேயே அவர் எழுதிவைத்தார். அச்சினமூட்டும் பொருள் எதுவென்பது 1962இல் வெளியாயிற்று. அது வாழைப்பழத்தின் வாசனை கொண்ட ஓர் இரசாயனப் பொருள். ஒரு தேனீ கொட்டிய இடத்தில் வேறு பல வந்து கொட்டுவதன் காரணம் அதுதான். தேன் எடுப்போர் புகை போடுவதும் வீண் வழக்கமன்று. புகை படிந்த உணர்கொம்பு அம்மணத்தை நன்கு உணர்வதில்லை.

இவ்வகைப் பொருள்களுக்கு ஒரு பொதுப்பெயர் 1959இல் கிடைத்தது. ஜேர்மனியரான பீற்றர் கார்ல்சனும், சுவிற்சர்லாந்திற் கறையான்களை ஆராய்ந்துவந்த மாட்டின் லூஷரும், சுமத்தல், கிளறுதல் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'பெரமோன்' என்ற பெயரைப் படைத்தனர். ஓருடலுக்குள்ளே உறுப்புக்கு உறுப்பு செய்தி கொண்டு செல்வது ஓமோன். ஓருடலிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த மற்றோருடலுக்குச் செய்தி கொண்டு செல்வது பெரமோன்.

அதே ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் வில்சன் நெருப்பெறும்பின் வழிமணத்தைத் தேடினார். எறும்பின் வயிற்றிலுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, நசுக்கி, கண்ணாடித் தட்டிற் கோடாகத் தீட்டிப் பார்த்தார். மற்றவற்றை எறும்புகள் பொருட்படுத்தவில்லை. டூபூர் சுரப்பி எனப்படும், வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதே அரிதான ஒரு சிறு சுரப்பியைத் தீட்டியதுமே அவை திரள்திரளாக வெளியேறின. கோட்டின் எல்லைவரை ஓடின. அங்கே இரை யாதும் இல்லாமை கண்டு மயங்கித் திரிந்தன. உள்ளே உணவும் இல்லை, அழைத்த தோழனும் இல்லை. ஒரு துளிச் சாறு மட்டுமே அத்தனை எறும்புகளையும் எழுப்பிவிட்டது. அத்துளி எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ரெக்சாஸ் நாட்டு இலைவெட்டி எறும்பின் வழிமணப்பொருள் 1971இற் பிரித்தறியப்பட்டபோது, அதில் ஒரு மில்லிகிராமின் மூன்றிலொரு பங்கு இருந்தால் உலகைச் சுற்றி ஒரு பாதை வரைந்துவிடலாம் என்று கணித்தார்கள்.

இனி, முடிச்சுக்கு வருவோம். குடிகளாக வாழும் பூச்சிகள் யாவும் ஒரு காலத்திற் தனித்து வாழ்ந்த முன்னோரிலிருந்து வந்தவை. தனித்து வாழும் தேனீக்களும் குளவிகளும் இன்றும் ஏராளமாக உண்டு. அவற்றின் உடலைத் திறந்து பார்த்தால் அதே டூபூர் சுரப்பி அங்கேயும் இருக்கின்றது. அங்கே அது வழி காட்டுவதில்லை. மண்ணைக் குடைந்து முட்டையிடும் சில தனித் தேனீக்கள் அச்சுரப்பியின் நீரைக் கொண்டு தம் அறையின் சுவரை மெழுகுகின்றன. காய்ந்தபின் அது நீர் புகாத மெல்லிய தாள்போல் ஆகின்றது. வீட்டுச் சுவருக்குப் பூசிய சாந்தே எறும்பிடத்தில் வீதிக்கு இட்ட கோடாயிற்று. கொடுக்கின் கதையும் இத்தகையதே. கொடுக்கு என்பது முட்டையிடும் குழல் உருமாறியது. அதன் நஞ்சும் அதனருகே ஊறும் நீரும் பகையை விரட்டப் பயன்பட்டன. நஞ்சு பீறிடும் இடத்திற் பகை இருக்கின்றது என்பதை அருகிலுள்ள உறவினம் உணர்ந்துகொண்டபோது, ஆயுதம் ஆபத்துமணியும் ஆயிற்று.

ஆகவே முதலிற் பேச்சு இருக்கவில்லை, ஒட்டுக்கேட்டலே இருந்தது. எந்த உயிரும் மணம் கசியாமல் வாழ்தல் இயலாது. உண்டதன் மணம், கழித்ததன் மணம், முட்டை முதிர்ந்த உடலின் மணம், செத்ததன் மணம் என ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று உண்டு. அவற்றை உணர்ந்து நடந்தவை பிழைத்தன. உணர்வோர் இருக்கும் இடத்தில் கசிவோர்க்கும் நன்மை உண்டாயின், கசிவு சிறிது சிறிதாகப் பெருகித் திருந்தி அறிவிப்பாகின்றது. செவி முதலில் வந்தது. வாய் பின்னர் வந்தது.

செத்ததன் மணம் என்றதும் வில்சனும் துணைவர் இருவரும் 1958இல் வெளியிட்ட ஒரு சோதனை நினைவுக்கு வரத்தக்கது. இறந்த எறும்பு ஓரிரு நாள் தரையிற் கிடக்கும், எவரும் கவனிப்பதில்லை. அதன் உடற்கொழுப்பு சிதைந்து ஒலெயிக்கமிலம் போன்றவை உண்டானதும் மற்ற எறும்புகள் அதைத் தூக்கிச் சென்று குப்பைமேட்டிற் போடுகின்றன. ஒலிவ எண்ணெயில் மிகுந்துள்ள அமிலமே இது. அவ்வமிலத்தை உயிருள்ள எறும்பொன்றின் மேற் தடவினர் ஆய்வாளர். காலை உதைத்துக்கொண்டிருந்த அந்த எறும்பையும் தூக்கிச் சென்று குப்பைமேட்டிற் போட்டன அதன் தோழர்கள். அது எழுந்து திரும்பி வந்தது. மீண்டும் தூக்கிச் செல்லப்பட்டது. தன் உடலை நன்றாகத் துடைத்துக்கொள்ளும்வரை, அக்குடியின் சட்டப்படி அது பிணமே. நகைப்புக்குரிய செய்திதான், எனினும் இதிலே ஒரு தடயம் உண்டு. குடிவாழ்வு அறியாத கரப்பானும் இறந்த கரப்பானிடமிருந்து வரும் அதே அமிலங்களை உணர்ந்து விலகிச் செல்கின்றது. எறும்பு புதிதாகக் கற்றுக்கொண்டது மணத்தையன்று. அம்மணத்துக்குச் செய்ய வேண்டிய கருமத்தையே.

கரப்பான் என்றதனால் ஒன்று சொல்லலாம். கறையானைச் சிலர் வெள்ளெறும்பு என்பர். அது எறும்பின் உறவன்று, கரப்பானின் வழிவந்தது. எறும்போடு சேராமலே குடிவாழ்வை அடைந்து, தனக்கென ஒரு மணமொழியையும் அமைத்துக்கொண்டது. கறையான் இனங்கள் சிலவற்றில் இணையை அழைக்கும் மணமும் வழிகாட்டும் மணமும் ஒரே பொருள், அளவே வேறு. பழைய காதற்கடிதமே வீதிப்பலகையாயிற்று எனலாம். சில பந்துமுனைப் பேனாக்களின் மையிலுள்ள ஒரு பொருள் தற்செயலாக இவ்வழிமணத்தைப் போன்ற விளைவைத் தருவதால், தாளில் ஒரு வட்டம் வரைந்து கறையானை விட்டால் அது வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பதைக் காணலாம்.

மணத்தால் ஆன சொல்லுக்கு ஒலியால் ஆன சொல்லில் இல்லாத ஓர் இயல்பு உண்டு. சொல்லி முடிந்த பின்னும் அது அங்கேயே நிற்கும்; மெல்ல மெல்ல மறையும். எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதற்கேற்பப் பொருள் தேர்ந்துகொள்ளப்பட்டிருக்கின்றது. ஆபிரிக்காவில் வாழும் முசுற்றெறும்பு பகையைக் கண்டால் விடும் மணம் ஒன்றன்று, பல பொருள்களின் கலவை என்பதை 1975இல் மூன்று ஆய்வாளர் காட்டினர். மிக விரைவில் ஆவியாவது முதலிற் பரவி, எறும்புகளை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றது. அடுத்தது அவற்றை அவ்விடம் நோக்கி இழுக்கின்றது. மிக மெதுவாகப் பரவுபவை உதித்த இடத்திலேயே தங்கிக் கடி என்று ஏவுகின்றன. எங்கோ ஆபத்து, இங்கே வா, இதைக் கடி என்னும் முழு வாக்கியமும் ஒரே துளியில் அடங்கி, வரிசை பிறழாமல் வாசிக்கப்படுகின்றது. இலங்கையில் மாமரங்களிலே இலைகளைத் தைத்துக் கூடுகட்டும் முசுறு இதன் மிக நெருங்கிய உறவு.

மறைதலும் ஒரு பயன் என்பதைப் பிறசெல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 1989இற் காட்டினர். ஆர்ஜன்ரீன எறும்புகளின் கூட்டுக்கும் உணவுக்கும் இடையே இரு கிளைகொண்ட பாலம் ஒன்றை வைத்தனர். ஒரு கிளை குறியது, மற்றது நெடியது. தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் சென்றன. குறிய கிளையிற் சென்றவை முன்னதாகத் திரும்பியமையால் அதிலே மணம் விரைந்து ஏறிற்று. ஏறிய மணம் மேலும் பலரை இழுத்தது. சில நிமிடங்களில் ஏறக்குறைய எல்லாமே குறிய வழியிற் சென்றன. எந்த எறும்பும் இரு வழியையும் அளந்து பார்க்கவில்லை. உணவு தீர்ந்தபின் மணமிடுவார் இன்றிப் பாதை தானே அழிந்துபோகும். அழியாத பாதையாயின் குடி முழுதும் வெறுங்கிண்ணத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கும்.

இதுவரை கூறியவற்றிற் பெரிய வழக்கு எதுவும் இல்லை. வழக்கு உள்ள இடம் இராணியின் மணம். தேன்கூட்டிற் பல்லாயிரம் வேலையாட்கள் உண்டு, அவையும் பெண்களே. ஆயினும் முட்டையிடுவது ஏறக்குறைய இராணி மட்டுமே. இங்கிலாந்தில் றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கொலின் பட்லர், இராணியின் உடலிலிருந்து வேலையாட்கள் நக்கி ஒன்றுக்கொன்று பகிரும் ஒரு பொருளே அவற்றின் சூலகத்தை அடக்கிவைக்கின்றது என்று 1950களில் எழுதினார். 'இராணிப்பொருள்' என அதற்குப் பெயரும் இட்டார். அதன் அமைப்பும் சில ஆண்டுகளில் அறியப்பட்டது. இராணியை எடுத்துவிட்டாற் சில மணிநேரத்திற் கூடு கலங்குகின்றது; விரைவில் புதிய இராணியை வளர்க்க அறைகள் கட்டப்படுகின்றன. இவற்றைக் கண்டவர்கள், இராணி தன் மணத்தால் மற்றவற்றை மலடாக்கி ஆளுகின்றாள் என்று கருதியதில் வியப்பில்லை. முடியாட்சியின் சாயல் மனிதர் கண்ணில் எளிதிற் படிந்துவிடுகின்றது.

ஆனாற் கூர்ப்பின் கணக்கு இதற்கு எளிதில் உடன்படுவதில்லை. மணம் வெறும் விலங்காயின், அதை உணராத ஒரு வேலையாள் பிறந்து, தன் முட்டையை இட்டு, தன் வழியைப் பெருக்கியிருக்கும். தலைமுறைகள் செல்லச் செல்ல விலங்கு அறுந்திருக்கும். 1993இல் லோரன் கெல்லர், பீற்றர் நொனாக்ஸ் ஆகிய இருவரும் இதையே கேள்வியாக எழுப்பினர்: இராணியின் மணம் கட்டளையா, அறிவிப்பா? அறிவிப்பாயின் அதன் பொருள் 'நான் நலமாக முட்டையிடுகின்றேன்' என்பது மட்டுமே. கேட்ட வேலையாள், தன் தாயின் முட்டைகளை வளர்ப்பதாலேயே தன் குருதிவழிக்கு மிகுந்த பயன் என்றால், தன் சூலகத்தைத் தானே ஒடுக்கிக்கொள்ளும். இராணி சோர்ந்தால் மணமும் சோரும்; அப்போது வேலையாட்களும் வேறு முடிவு எடுக்கும்.

2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர் குழுவொன்று இவ்வழக்கிற்கு ஒரு வலிய சான்றைக் கொணர்ந்தது. குளவியினம் ஒன்று, பெருந்தேனீ எனத்தகும் பம்பிள் தேனீ ஒன்று, பாலைவன எறும்பு ஒன்று ஆகிய மூன்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். இவை தனித்தனியே குடிவாழ்வை அடைந்தவை. மூன்றிலும் இராணியின் தோலில் மிகுந்திருப்பவையும், வேலையாட்களின் சூலகத்தை ஒடுக்குபவையும், ஒரே வகையைச் சேர்ந்த ஐதரோகாபன்கள் என்று கண்டனர். பூச்சிகளின் தோலில் ஐதரோகாபன் படை இருப்பது உடலின் ஈரம் உலர்ந்துவிடாமற் காப்பதற்காக. அது மெழுகுப் போர்வை. அறுபதுக்கு மேற்பட்ட இனங்களின் தரவுகளை ஒப்பிட்டு, ஏறத்தாழ 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் தனித்து வாழ்ந்த பொது மூதாதையிடத்திலேயே இப்பொருள்கள் முட்டை முதிர்ந்த பெண்ணின் அடையாளமாக இருந்திருக்கவேண்டும் என்றும் உய்த்துணர்ந்தனர். இவ்வாறு நோக்கின், அரசாணை என்று எண்ணப்பட்டது மழைக்காப்புச் சட்டையின் மணம். எல்லோரும் இதை ஒப்பவில்லை. வேறொரு பம்பிள் தேனீயில் நடத்திய பிற்காலச் சோதனைகளில் அதே விளைவு கிடைக்கவில்லை. தேனீ இராணியின் பொருளும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. எனினும் அறிவிப்பு என்னும் கொள்கையே இன்று வலுப்பெற்று நிற்கின்றது.

அறிவிப்பு என்பதனாற் குடியில் எல்லாம் அன்பும் இணக்கமும் என்று எண்ணிவிடக் கூடாது. தேனீ வேலையாட்கள் கருக்கொள்ளாத முட்டையிட்டு ஆண்களைப் பெறவல்லவை. அவ்வாறு இடப்பட்ட முட்டைகளை மற்ற வேலையாட்களே தேடித் தின்றுவிடுகின்றன என்பது 1989இல் வெளியாயிற்று. இராணி பல ஆண்களோடு கூடுவதால், ஒரு வேலையாளுக்குத் தன் சகோதரியின் மகனைவிடத் தன் தாயின் மகனே நெருங்கிய உறவு. அங்கே காவல் செய்வது அரசியன்று, அயலார்.

கேட்கும் செவியின் வளர்ச்சியையும் அளந்திருக்கின்றனர். பழங்களை மொய்க்கும் சிறு ஈக்கு மணத்தை உணரும் வாங்கிகள் ஏறத்தாழ 60 வகை; தேனீக்கு ஏறத்தாழ 170; பல எறும்புகளுக்கு 350க்கும் மேல். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு குழுவினர், இவ்வாங்கிகள் இயங்குவதற்கு வேண்டிய பரம்பரையலகு ஒன்றை எறும்பிற் செயலிழக்கச் செய்தனர். பிறந்த எறும்புகள் வழிமணத்தைத் தொடரவில்லை. கூட்டத்தைவிட்டுத் தனியே அலைந்தன. மறுபுறமும் சான்று உண்டு. வியர்வைத் தேனீக்கள் எனப்படும் சிறு தேனீக்களிற் சில இனங்கள் குடிவாழ்வைக் கைவிட்டுத் தனிவாழ்வுக்குத் திரும்பியவை. அவற்றின் உணர்கொம்பில் மணம் உணரும் நுண்மயிர்கள் குறைந்துவிட்டன என்பது அதே 2017இல் அறிவிக்கப்பட்டது. பேச ஆளில்லாதபோது செவியும் சுருங்கிற்று.

மொழி உள்ள இடத்திற் பொய்யும் உண்டு. ஒரே கூட்டைச் சேர்ந்த எறும்புகள் தம்மவரை அறிவதும் தோலிலுள்ள அந்த ஐதரோகாபன்களின் கலவையாலேயே. அக்கலவையைத் தானும் பூசிக்கொள்ளும் உயிருக்குப் புற்றின் கதவு திறக்கின்றது. இங்கிலாந்தின் பெருநீல வண்ணத்துப்பூச்சி அத்தகையது. அதன் புழு தைம் என்னும் நறுமணச் செடியின் பூவை மூன்று வாரமளவில் தின்று, பின்பு ஒரு நாள் நிலத்தில் விழுகின்றது. ஒருவகைச் சிவப்பெறும்பு அதைக் கண்டு, தன் புற்றின் குடம்பியெனக் கருதித் தூக்கிச் செல்கின்றது. உள்ளே சென்ற விருந்தாளி ஏறத்தாழ பத்து மாதம் அவ்வெறும்புகளின் பிள்ளைகளையே தின்று கொழுக்கின்றது.

இப்பூச்சி அருகி வருவதைக் கண்ட அன்பர்கள், சேகரிப்போரிடமிருந்து அதைக் காக்கப் புல்வெளிகளுக்கு வேலியிட்டனர். மாடும் ஆடும் நுழையாமற் தடுத்தனர். பூச்சியோ மேலும் அருகிற்று. 1970களில் ஜெரமி தோமஸ் என்னும் ஆய்வாளர் ஆண்டுக்கணக்காக அப்புல்வெளிகளிற் தவங்கிடந்து காரணத்தைக் கண்டார். புழு பல சிவப்பெறும்பினங்களால் தூக்கிச் செல்லப்படலாம். ஆனால் ஓரினத்தின் புற்றிலேதான் நன்கு பிழைக்கும். அவ்வினம் வெப்பமான மண்ணையே நாடும். முயல்களை 1950களில் ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. வேலி மந்தையைத் தடுத்தது. புல் ஓங்கி வளர்ந்து மண்ணைக் குளிரச் செய்தது. உரிய எறும்பு அகன்றது. காப்பதற்கு இட்ட வேலியே கேடாயிற்று. காரணம் தெளிவானபோது காலம் கடந்துவிட்டது. 1979இற் பெருநீலம் பிரித்தானியாவில் அற்றுப்போனது.

வேலிகள் நீக்கப்பட்டன, மந்தைகள் மீண்டும் மேய விடப்பட்டன, புல் குறுகியதும் அவ்வெறும்பு திரும்பி வந்தது. 1983இல் சுவீடன் நாட்டிலிருந்து புழுக்களைக் கொணர்ந்து விட்டனர். இன்று தென்மேற்கு இங்கிலாந்தின் வெயில் படும் சரிவுகள் பலவற்றில் அந்த நீலச் சிறகுகள் கோடைதோறும் பறக்கின்றன. கோடை முடியுமுன் புழு செடியிலிருந்து விழும். மாலை வேளையில் இரை தேடி வரும் எறும்பு அதை உணர்கொம்பாற் தடவி மோந்து பார்க்கும். சிறிது நேரம் தயங்கும். பின்பு தன் பிள்ளையென்றே வாயிற் கவ்விப் புற்றினுள் இறங்கும்.